அடுப்பை உயர்த்துவோம்

எமது மக்கள் கூடும் கூட்டங்களில் எவை பேசப்படுகின்றன என்பதை நாம் நன்கறிவோம். காணி உறுதி, வயல் வரம்பு, குளத்துத் தண்ணீர், விதைநெல், வங்கிக் கடன், காணாமற்போன பிள்ளைக்காக எழுதிய கடிதம். இவையெல்லாம் பேசப்பட வேண்டியவையே. ஆனால் கூட்டம் முடிந்து வீடு திரும்புபவர்களுக்குச் சோறு ஆக்கி வைத்திருக்கும் தாயின் விரல்கள் வீங்கியிருப்பதைப் பற்றி எந்தக் கூட்ட அறிக்கையிலும் ஒரு வரியேனும் இருப்பதில்லை. மூட்டு நோவு வயதோடு வருவது, அதைப் பொறுத்துக்கொள்வது தாயின் கடமை என்று அவளும் நினைக்கிறாள், வீட்டாரும் நினைக்கிறார்கள்.

இந்த நினைப்பு மாற வேண்டும் என்பதே எமது கருத்து. மூட்டு நோவை முற்றாக நீக்க முடியாமற் போகலாம். ஆனால் அந்த நோவோடு சமைப்பதை இலகுவாக்க முடியும். அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. சில சீமெந்துக் கற்கள், ஒரு பலகை, ஒரு பழைய சைக்கிள் ரியூப், வீட்டிலுள்ள மற்றவர்களின் கைகள் ஆகியவற்றோடு தொடங்கிவிடலாம்.

நோவு எங்கிருந்து வருகிறது?

மூட்டுவாதம் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது பல நோய்களை. அவற்றுள் மிகப் பரவலானது தேய்வு மூட்டுவாதம். எலும்பும் எலும்பும் சந்திக்கும் இடத்தில் உள்ள வழுவழுப்பான கசியிழையம் தேய்ந்து, மூட்டு இறுகி நோகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2019இல் உலகில் 52 கோடி 80 இலட்சம் பேர் இந்நோயோடு வாழ்ந்தனர். அவர்களில் நூற்றுக்கு 60 பேர் பெண்கள். நூற்றுக்கு 73 பேர் 55 வயதைக் கடந்தவர்கள். மிக அதிகமாகப் பாதிக்கப்படும் மூட்டு முழங்கால்.

நீண்ட நேரம் குந்தியிருப்பதும் முழந்தாளிடுவதும் பாரம் தூக்குவதும் முழங்கால் தேய்வை அதிகரிக்கும் என மருத்துவம் கூறுகிறது. நாற்று நட்டு, களை பிடுங்கி, வெங்காயம் கிண்டி, நெல் மூட்டை தூக்கி வாழ்ந்த பெண்ணின் முழங்கால் ஐம்பது வயதில் நோவதற்குச் செய்வினையோ சாபமோ காரணமல்ல. அவள் உழைத்த உழைப்பே காரணம்.

இரண்டாவது வகை, உடலின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளையே தாக்கும் வாத மூட்டழற்சி. இது இளவயதிலும் வரும். இரு கைகளின் சிறு விரல் மூட்டுகளும் ஒரேவிதமாக வீங்கும்; காலையில் எழும்போது அரை மணித்தியாலத்திற்கு மேலாகக் கை மடக்க முடியாதபடி இறுகியிருக்கும். இந்த அறிகுறிகளைக் கண்டால் தைலம் பூசிக்கொண்டு காலங் கடத்தலாகாது. ஆரம்பத்திலேயே உரிய மருந்தைத் தொடங்கினால் விரல்கள் கோணுவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். எமது நாட்டில் அரச வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம். கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் இதற்கெனப் பிரிவு உண்டு. றாகமையில் மூட்டுவாதத்திற்கும் புனர்வாழ்வுக்குமென ஒரு வைத்தியசாலையே உண்டு.

மூன்றாவது, சிக்குன்குன்யாக் காய்ச்சல் விட்டுச் செல்லும் மூட்டு நோவு. 2006இன் பிற்பகுதியில் இக்காய்ச்சல் எமது நாட்டில் பெருமளவிற் பரவியது. 2025இல் கொழும்பு மாவட்டம் உட்படப் பல இடங்களில் மீண்டும் தலைதூக்கியது. ஆபிரிக்காவின் மக்கொண்டே மொழியிலிருந்து வந்த அப்பெயருக்கே நோவால் வளைந்து கூனிப்போதல் என்பதுதான் பொருள். காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விடும். மூட்டு நோவு சிலருக்கு மாதக்கணக்காக, சிலருக்கு ஆண்டுக்கணக்காக நிற்கும். குசினிக்குப் பின்னால் எறியப்படும் சிரட்டையிலும் தகரப்பேணியிலும் தேங்கும் தண்ணீர்தான் இந்த நுளம்பின் தொட்டில் என்பதையும் மறவாதிருப்போம்.

குசினி மாறியது, வேலை குறையவில்லை

ஊரிலிருந்த குசினி இலகுவானது என்று நாம் சொல்ல வரவில்லை. அடுப்பு தரையில்தான் இருந்தது. அம்மியும் திருவலையும் தரையில்தான். தண்ணீர் கிணற்றில். ஆனால் அந்தக் குசினியில் கைகள் பல இருந்தன. மகள் தேங்காய் திருவ, மருமகள் மா அரிக்க, பக்கத்து வீட்டு மச்சாள் உலக்கையின் மறுபக்கம் நிற்க, தாய்க்கு இருந்தது மேற்பார்வை வேலை. வயது போகப் போகப் பாரமான வேலை இளையவர்களின் கைக்கு மாறும் ஒழுங்கு ஒன்று இருந்தது.

இடப்பெயர்வு அந்த ஒழுங்கை உடைத்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் புறப்பட்டபோதும், 2008 முதல் 2009 மே வரை வன்னி மக்கள் இடம் மாறி இடம் மாறி ஓடியபோதும், குசினி மூன்று கல்லும் ஒரு பானையுமாகச் சுருங்கியது. கொழும்புக்கு வந்து சேர்ந்தவர்கள் பலர் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் லொட்ஜ் அறைகளில், கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே மண்ணெண்ணெய் அடுப்பை நிலத்தில் வைத்துச் சமைத்தார்கள். மகள் வெளிநாட்டில், மகன் கூலி வேலையில், மருமகள் ஆடைத் தொழிற்சாலையில் என்றாகிவிட்ட பின்னர், அறுபது வயதுத் தாய் பேரப்பிள்ளைகளுக்காக மறுபடியும் தனியாக அடுப்படியில் குந்துகிறாள்.

கொலன்னாவையில் வேறொரு சிக்கலும் உண்டு. களனி கங்கை பெருகினால் முதலில் நனையும் இடங்களுள் இதுவும் ஒன்று. 2016 மே வெள்ளத்தில் இங்கு பல வீடுகளில் தண்ணீர் நாட்கணக்கில் நின்றது. வெள்ளத்துக்குப் பயந்து அரிசியையும் சட்டி பானையையும் உயரத் தட்டில் ஏற்றி வைத்தால், தோள்மூட்டு நோவுள்ளவருக்கு அவற்றை இறக்குவது தினமும் தண்டனையாகிறது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்கிருந்து மாடி வீடுகளுக்கு மாற்றப்பட்ட குடும்பங்களும் உள. இடம்பெயர்ந்தவர் எந்த மொழி பேசினாலும், எந்தக் காரணத்தால் பெயர்ந்தாலும், புதிய குசினியின் அளவை அவர்களிடம் கேட்டுக் கட்டுவோர் அரிது.

கைக்கு எட்டும் மாற்றங்கள்

முதலாவது உயரம். தாய் நேரே நின்று கையை மடிக்கட்டும். முழங்கை இருக்கும் உயரத்துக்கு நான்கு விரற்கிடை கீழே காய் வெட்டும் பலகை இருக்க வேண்டும். அடுப்பில் ஏற்றிய சட்டியின் விளிம்பு முழங்கையைத் தாண்டக் கூடாது. சீமெந்துக் கல்லையோ களிமண்ணையோ கொண்டு மேடை கட்டி அடுப்பை அதன்மேல் ஏற்றினால் குந்துவதும் குனிந்து ஊதுவதும் நின்றுவிடும். விறகில் சமைப்பவர்கள் 1980களில் எமது நாட்டிலேயே உருவாக்கப்பட்ட 'அனகி' மண் அடுப்பை அந்த மேடையில் வைக்கலாம். ஒரே நெருப்பில் இரண்டு பாத்திரம் வேகும், விறகும் குறைவு. விறகு குறைந்தால் கொத்துவதும் சுமப்பதும் குறையும். மேடை ஆடாமல் அசையாமல் உறுதியாக இருக்க வேண்டும். மண்ணெண்ணெய் அடுப்பை வாங்கின் மேலோ பெட்டியின் மேலோ வைப்பது ஆபத்து.

இருந்து செய்யக்கூடிய வேலைகளை இருந்தே செய்யட்டும். ஆனால் பலகைக்கட்டையில் அல்ல. தாழ்ந்த இருக்கையிலிருந்து எழும்பும்போதுதான் முழங்காலுக்குப் பெரும் பாரம். கால் நிலத்திற் படியும் அளவுக்கு உயர்ந்த கதிரையும், அதற்கேற்ற மேசையும் வேண்டும்.

வெள்ள அச்சமுள்ள இடங்களில், தினமும் எடுக்கும் பொருட்கள் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவேயுள்ள தட்டில் இருக்கட்டும். எப்போதாவது எடுக்கும் பெரிய பானைகள் மட்டும் உயரத்துக்குப் போகட்டும். வெள்ள எச்சரிக்கை வந்தால் மிகுதியை ஏற்றி வைப்பது வீட்டு இளைஞரின் பொறுப்பு என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

இரண்டாவது பிடி. விரல் நுனியால் கிள்ளிப் பிடிப்பதும், இறுகப் பிடித்து முறுக்குவதும் நோகும் மூட்டுக்கு எதிரிகள். சிறிய மூட்டு செய்யும் வேலையைப் பெரிய மூட்டிடம் ஒப்படையுங்கள். போத்தல் மூடியை விரலால் திருகாமல், ஈரத்துணியின் மேல் போத்தலை நிறுத்தி, உள்ளங்கையை மூடியில் அழுத்தித் தோளிலிருந்து திருப்பலாம். மூடியின் மேல் ஒரு துண்டு இறப்பர் வைத்தால் வழுக்காது. பையை விரலில் தூக்காமல் முழங்கையில் மாட்டலாம். சட்டியை ஒரு கைப்பிடியில் தூக்காமல் இரு கைகளாலும் அடியில் தாங்கலாம். ஈரத்துணியை முறுக்கிப் பிழியாமல் பலகையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் தண்ணீர் வடியும்.

கைப்பிடி தடித்திருந்தால் விரல் அதிகம் மடங்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவர், தம் மனைவி பெட்சி மூட்டுவாதத்தால் தோல் சீவும் கத்தியைப் பிடிக்கச் சிரமப்பட்டதைக் கண்டு, தடித்த இறப்பர்க் கைப்பிடியுள்ள சமையற் கருவிகளை 'ஒக்ஸோ' என்ற பெயரில் 1990இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். நோயாளிக்கென எண்ணிச் செய்தவை நோயற்றவர்களுக்கும் பிடித்துப்போயின. இன்று பல நாடுகளில் விற்பனையாகின்றன. அவற்றை விலை கொடுத்து வாங்க எம்மவர்களால் முடியாமற் போகலாம். ஆனால் எமது முற்றத்தில் பழைய சைக்கிள் ரியூப் கிடக்கிறது. அதை நாடாவாக வெட்டிக் கத்தி, கரண்டி ஆகியவற்றின் பிடியில் இறுக்கிச் சுற்றிக் கட்டினால் அதே பயன் கிடைக்கும். நெருப்புக்கு அருகில் செல்லும் அகப்பைக்குத் துணியும் நூலும் போதும். அழுக்கானால் மாற்றிக் கட்டலாம். கத்தி எப்போதும் கூராக இருக்கட்டும். மொட்டைக் கத்திக்குத்தான் கை அதிகம் அழுத்த வேண்டும்.

மூன்றாவது பாரம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. இருபது லீற்றர் கலனை ஒரேயடியாகத் தூக்குவதைவிட, ஐந்து லீற்றராக நான்கு முறை கொண்டுவருவதே மேல். பேரப்பிள்ளை கொண்டுவந்து ஊற்றுவது அதனினும் மேல். 12.5 கிலோ வாயு நிரப்பிய சிலிண்டர், இரும்பின் எடையும் சேர 25 கிலோ வரை இருக்கும். மூட்டு நோவுள்ள எவரும் அதை அசைக்கவே கூடாது.

சோறு வடிப்பது இந்தப் பாரங்களுள் மிக ஆபத்தானது. கொதிக்கும் பானையைச் சரித்துக் கஞ்சி வடிக்கும்போது பலவீனமான மணிக்கட்டு விட்டுக்கொடுத்தால் வெந்துபோவது கால். தண்ணீரை அளந்து வைத்து வற்ற விட்டுச் சோறாக்கினால் பானையை இறக்கவே தேவையில்லை. கஞ்சி வேண்டுமென்றால் துளையுள்ள கரண்டியால் சோற்றை அள்ளி எடுத்துவிட்டு, கஞ்சியைப் பானையிலேயே விடலாம்.

நான்காவது, கடினமான வேலைகளுக்கு வேறு வழி. தரையில் குந்தித் திருவும் திருவலைக்குப் பதிலாக, மேசை விளிம்பில் பூட்டிக் கைபிடியைச் சுற்றும் திருவலை கடைகளில் உண்டு. சுற்றுவதும் நோகுமென்றால் திருவும் வேலையை வீட்டில் வேறொருவர் ஏற்கட்டும். இடியப்ப உரலை உயரத்தில் வைத்து விரலால் நெரிக்காமல், இடுப்பளவு மேசையில் வைத்து, நின்று, இரு உள்ளங்கைகளாலும் உடற்பாரத்தைக் கொடுத்து அழுத்தலாம். மா சற்று இளக்கமாகவும் சூடாகவும் இருந்தால் இன்னும் இலகு. மிளகாய்த்தூளை மில்லில் திரிப்பிப்பதால் குடும்ப மானம் போய்விடாது. அம்மியில் அரைத்த சம்பலின் சுவைக்கு ஈடில்லை என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். அந்தச் சுவை வேண்டுமென்று கேட்பவரே அரைக்கட்டும்.

ஐந்தாவது நேரம். மூட்டுகள் மிக இறுகியிருப்பது விடியற்காலையில். ஆனால் பள்ளிக்கூடச் சாப்பாடும் வேலைக்குப் போகிறவரின் பொதியும் விடியற்காலையில்தான் ஆயத்தமாக வேண்டும். ஆகவே வெங்காயம் உரிப்பது, காய் வெட்டுவது, தேங்காய் உடைப்பது என்பவற்றை முதல்நாள் மாலையில், எல்லாருமாக இருந்து பேசிக்கொண்டு முடித்துவிடலாம். காலையில் எழுந்ததும் இளஞ்சூட்டு நீரில் ஐந்து நிமிடம் கையை வைத்து விரல்களை மெல்ல மடக்கி நீட்டினால் இறுக்கம் தளரும். நீரிழிவுள்ளவர் நீரின் சூட்டைப் பிறரைக்கொண்டு பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே வேலையை நீண்ட நேரம் தொடராமல் இடையிடையே ஓய்வெடுக்க வேண்டும். ஒரு வேலையின் நோவு முடித்து இரண்டு மணித்தியாலத்துக்குப் பின்பும் இருந்தால், அந்த வேலை அந்தக் கைக்கு அதிகம் என்று அறியலாம்.

அதற்காக மூட்டை அசைக்காமல் கிடப்பதும் தீர்வல்ல. அசையாத மூட்டு மேலும் இறுகும், தசையும் மெலியும். நோவுள்ளவர் வேலை செய்ய வேண்டும். மூட்டுக்குத் தீங்கில்லாத முறையிற் செய்ய வேண்டும்.

மாத்திரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை

சமையலை முடிப்பதற்காகவே நோவு மாத்திரை போடும் தாய்மார் பலர். வைத்தியரிடம் காட்டாமல் கடையில் வாங்கித் தினமும் விழுங்கும் நோவு மாத்திரைகளிற் பல வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். வடமத்திய மாகாண விவசாயக் குடும்பங்களை 1990கள் முதல் வாட்டிவரும் சிறுநீரக நோய்க்கு இன்னும் ஒரே காரணம் என்று எதுவும் உறுதிப்படவில்லை. ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமானவருக்கு இம்மாத்திரைகள் இன்னும் கேடு. பெயர் எழுதாத பொட்டலத்தில், சாப்பிட்ட மறுநாளே ஓடி ஆட வைக்கும் மருந்து தருகிறார்கள் என்று கேள்விப்பட்டால் விலகி நில்லுங்கள். அடுப்பை உயர்த்துவதால் ஒரு மாத்திரை குறையுமானால் அதுவும் வைத்தியமே.

மகன்மாரே, கணவன்மாரே

வயலில் ஒரு மாடு நொண்டினால் அதை ஏரில் பூட்ட மாட்டோம். வண்டிச் சில்லு ஆடினால் பாரத்தைக் குறைத்து ஏற்றுவோம். வீட்டில் ஒருத்தி சுவரைப் பிடித்து எழும்புவதைக் கண்டும் இன்னொரு தேநீர் கேட்பது எவ்விதத்தில் நியாயம்? தேங்காய் திருவுவதும் பானை இறக்குவதும் பெண்ணின் வேலை என்று எந்தக் கட்டளையிலும் இல்லை. முகாமில் பொதுச் சமையல் நடந்தபோது கிடாரத்தில் சோறு கிண்டியவர்கள் ஆண்களே. கோவில் அன்னதானத்திலும் ஆலயத் திருவிழாவிலும் அப்படித்தான். ஆயிரம் பேருக்குச் சமைக்கும் கை, ஐந்து பேருக்குச் சமைக்கக் கூசுவானேன்?

பேதுருவின் மாமியாரைப் பற்றி மாற்கு நற்செய்தி கூறும் நிகழ்வை நாம் அறிவோம். அவர் எழுந்து பணிவிடை செய்ததை மறையுரைகளில் அடிக்கடி எடுத்துக் காட்டுகிறோம். அதற்கு முன் நடந்ததையும் பார்க்க வேண்டும். ஆண்டவர் அருகிற் சென்றார், கையைப் பிடித்தார், தூக்கிவிட்டார். பணிவிடை அதன் பின்னரே வந்தது. எமது வீடுகளில் பணிவிடையை மட்டும் எதிர்பார்த்துக் கையைப் பிடிக்க மறந்தால், நற்செய்தியில் பாதியை மட்டுமே வாசித்தவர்களாவோம்.

குசினியைப் பறித்துவிட வேண்டாம்

இங்கு இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சில வீடுகளில் அன்பு மிகுதியால், "அம்மா, நீங்கள் இனிக் குசினிப் பக்கம் வரவேண்டாம்" என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். நல்லெண்ணந்தான். ஆனால் அந்தத் தாயின் நிலையில் நின்று பாருங்கள். வயல் போயிற்று. மாடு கன்று போயிற்று. கிணறும் வேலியும் முற்றத்து முருங்கையும் போயின. அவள் சொல்லுக்கு மதிப்பிருந்த இடங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவி, கடைசியில் எஞ்சியது அடுப்படி ஒன்றே. உப்புப் போதுமா என்று பார்ப்பதும், பேரனுக்கு எது பிடிக்கும் என்று நினைத்து ஆக்குவதும் அவளுக்கு வெறும் வேலையல்ல. அதையும் வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் இருத்தினால் மூட்டோடு மனமும் இறுகிப்போகும்.

அவளிடமிருந்து குறைக்க வேண்டியது நோவை மட்டுமே. பாரத்தை நீங்கள் தூக்குங்கள். பக்குவத்தை அவள் சொல்லட்டும். அடுப்பை உயர்த்துவதும் பிடியைத் தடிப்பாக்குவதும் அவள் தன் குசினிக்குத் தானே எசமானியாக இன்னும் பல வருடம் நிற்பதற்காகத்தான்.

திட்டம் தீட்டுவோருக்கு

2012 ஒக்டோபரில் வடக்கிலும் கிழக்கிலும் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தின் கட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டு, வீட்டுக்காரரே முன்னின்று கட்டும் முறை கைக்கொள்ளப்பட்டது. நல்ல முறை அது. வீட்டின் உரிமையாளர் தாமே தீர்மானிக்கும்போது, அடுப்பு மேடையின் உயரத்தையும் அங்கு சமைப்பவரே தீர்மானிக்க வழியுண்டு. இனி வரும் எந்த வீட்டுத் திட்டத்திலும், அது அரசினதாயினும் திருச்சபையினதாயினும், மேசன் அத்திவாரம் வெட்டுமுன் அந்த வீட்டில் சமைக்கப் போகிறவரை நிற்க வைத்து முழங்கை உயரத்தை அளக்க வேண்டும் என்று நாம் கேட்கிறோம். குசினி வாசற்படி தாழ்வாக இருக்கட்டும். தண்ணீர்க் குழாய் குசினிக்குள் வரட்டும். குழாயின் பிடி, திருகுவதாக இல்லாமல் நெம்பித் திறப்பதாக இருக்கட்டும். வெள்ளத்தில் அகப்பட்டோருக்குச் சட்டி பானை வழங்கும்போது, இரு பக்கமும் பிடியுள்ள இலேசான பாத்திரங்களைத் தெரிவு செய்யலாம். இவற்றால் திட்டச் செலவு அதிகம் ஏறப்போவதில்லை.

பங்குகளிலும் இதைச் செய்யலாம். ஒவ்வொரு பங்கிலும் ஒரு மேசனும் ஒரு தச்சரும் இருப்பார்கள். வின்சன்ட் டி போல் சபையினரும் இளைஞர் மன்றத்தினரும் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி, மூட்டு நோவுள்ள முதியோர் தனித்துச் சமைக்கும் வீடுகளைக் கண்டறிந்து, ஒரு மேடை, ஒரு கதிரை, நான்கு கைப்பிடிகள் என்று செய்து கொடுக்கட்டும். கத்தோலிக்க வீடு, சைவ வீடு, முஸ்லிம் வீடு என்று பார்க்க வேண்டியதில்லை. முழங்காலுக்கு மதமில்லை.

இதை வாசிக்கும் நீங்கள் கூட்டத்துக்கும் திட்டத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை. இன்று பின்னேரம் ஒரு நூலை எடுத்து, உங்கள் வீட்டில் சமைப்பவரின் முழங்கையிலிருந்து நிலம் வரை அளந்து பாருங்கள். பிறகு அடுப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். இரண்டு அளவுகளுக்கும் இடையேயுள்ள தூரத்தையே அவர் ஒவ்வொரு நாளும் தன் முழங்காலாலும் இடுப்பாலும் ஈடுசெய்து வருகிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தத் தூரத்தில் ஒரு கல்லின் உயரமாவது குறையட்டும்.